நாள் குறிக்காத எண்கள்



கொரோனாவுக்கு முன்பு சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனையின் பெயரை வீடுகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. இரண்டாவது அலையின்போது அது எல்லோர் வாயிலும் புழங்கியது. "மாமாவுக்கு சி.ஆர்.பி. எண்பது காட்டுதாம்", "சித்திக்கு நேத்தைக்கு இன்னைக்குக் குறைஞ்சிருக்காம்" என்று போனில் நலம் விசாரித்ததே அந்த எண்ணை வைத்துத்தான். அலை ஓய்ந்தது, எண் போகவில்லை. இப்போது நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்த வீடுகளில் அது தன் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. என்.எல்.ஆர்., பி.எல்.ஆர்., எல்.டி.எச்., அல்புமின். சில ஆய்வகங்கள் என்.எல்.ஆரைத் தாங்களே கணக்கிட்டு ரிப்போர்ட்டில் அச்சிட்டும் தருகின்றன. தடித்த எழுத்தில் ஓர் எண்ணைப் பார்த்ததும் வீட்டில் படித்த பிள்ளை செல்போனை எடுத்துத் தேடுகிறது. தேடினால் முதலில் வந்து விழுவது, இந்த எண் கூடினால் ஆயுள் குறைவு என்ற செய்தி. அன்று இரவு அந்த வீட்டில் யார் தூங்குவார்கள்?

நவம்பர், நுரையீரல் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் பேருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது, 18 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது 2022ஆம் ஆண்டுக்கான கணக்கு. வேறு எந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களைக் கொள்வதில்லை. புகையிலையைப் பற்றி இந்த இதழில் பலமுறை எழுதியாகிவிட்டது. இந்த முறை அந்த ரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள எண்களைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. அவை பொய் சொல்வதில்லை. ஆனால் நாம் கேட்காத கேள்விக்கும் அவை பதில் சொல்வதாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் கணக்கு. டோட்டல் கவுன்ட், டிஃபரென்ஷியல் கவுன்ட் என்று டாக்டர் எழுதித் தருகிற சாதாரண ரத்தப் பரிசோதனைதான் மூலம். வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் 72 சதவீதம், லிம்போசைட் 18 சதவீதம் என்று வந்தால், 72ஐ 18ஆல் வகுக்க வேண்டும். விடை 4. இதுதான் என்.எல்.ஆர். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 1க்கும் 3க்கும் நடுவில் நிற்கும். தனியாக ஊசி குத்த வேண்டாம், தனியாகக் காசு கட்டவும் வேண்டாம். 2001இல் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நகரில் ரோமன் சஹோரெட்ஸ் என்ற மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 90 புற்றுநோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்து, உடல் எவ்வளவு தத்தளிக்கிறது என்பதை இந்த வகுத்தல் கணக்கு சட்டென்று காட்டிவிடுகிறது என்று எழுதினார். பிறகு இதைக் கையில் எடுக்காத புற்றுநோய் ஆய்வாளர் குறைவு. மலிவான எண் என்பதால் ஆய்வுக் கட்டுரைகளும் மலிந்துவிட்டன என்பதை ஒரு பத்திரிகைக்காரனாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வகுத்தலுக்குப் பின்னால் நல்ல உயிரியல் இருக்கிறது. 1863இலேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ, கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் குடியிருப்பதைக் கவனித்து, அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்றார். 1986இல் அமெரிக்கரான ஹெரால்ட் டுவோராக், புற்றுக்கட்டிகளை ஆறாத புண்களாக வர்ணித்து ஒரு கட்டுரை எழுதினார். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, சில நாளில் வற்றிவிடும். ரத்தநாளங்கள் புதிதாக முளைக்கும், செல்கள் பெருகும், வேலை முடிந்ததும் எல்லாம் அடங்கும். புற்றுக்கட்டி இதே ஏற்பாட்டைத் தொடங்கிவைத்து, முடிக்க விடுவதில்லை.

கட்டி வெளியிடும் சில வேதிப்பொருள்கள் எலும்பு மஜ்ஜைக்குப் போய், நியூட்ரோஃபில்களை அதிகமாக அனுப்பு என்று விரட்டுகின்றன. நியூட்ரோஃபில்கள் கிருமிகளைக் கொல்ல வந்தவை. ஆனால் கட்டியின் பக்கத்தில் அவை புதிய ரத்தநாளம் முளைக்கவும், புற்றுச்செல்கள் வேறு இடத்துக்குப் பரவவும் துணைபோவது உண்டு. லிம்போசைட்களில் ஒரு பிரிவான டி செல்கள் புற்றுச்செல்லை அடையாளம் கண்டு கொல்லக்கூடியவை. அவை குறைந்து முன்னவை கூடினால் வகுத்தல் விடை மேலே போகிறது. பிளேட்லெட்டுகளை லிம்போசைட்களால் வகுத்துப் பார்ப்பது பி.எல்.ஆர். அதிலும் இதே தர்க்கம்தான்.

சி.ஆர்.பி.யின் கதை வேறு. அதன் பிறப்பே நுரையீரல் நோயில் நடந்தது. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் வில்லியம் டில்லட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு விந்தையைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்ற பொருளைக் கலந்தால், காய்ச்சலில் கிடந்தவர்களின் ரத்தநீர் திரிந்தது. அவர்கள் குணமானதும் அந்தத் திரிதல் நின்றுவிட்டது. அந்த 'சி'தான் இன்றும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடலில் எங்கே அழற்சி மூண்டாலும் இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப்பொருள் கல்லீரலை எட்டுகிறது. கல்லீரல் உடனே சி.ஆர்.பி.யைக் கொட்டத் தொடங்குகிறது. அதே நேரத்தில் அல்புமின் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது.

சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். அல்புமினுக்கு ஏறத்தாழ 20 நாள். எங்கள் தொழிலில் சொன்னால் ஒன்று நாளிதழ், மற்றொன்று மாத இதழ். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள். டொனால்ட் மக்மில்லனும் சக ஆய்வாளர்களும் 2003இல், அறுவை சிகிச்சை செய்ய முடியாத நிலையில் இருந்த 161 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் ஓர் எளிய மதிப்பெண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் ஒரு புள்ளி. அல்புமின் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழே போனால் ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகளும் பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறந்தார்கள். இதைக் கிளாஸ்கோ முன்கணிப்பு மதிப்பெண் என்ற பெயரில் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். "அல்புமின் குறைஞ்சிருக்கா? தினம் ஆறு முட்டை வெள்ளைக்கரு குடுங்க" என்று நம் ஊரில் சொல்லாத உறவினர் இல்லை. சாப்பிட முடிந்தால் நல்லதுதான், தடுக்கவில்லை. ஆனால் அழற்சியால் குறைந்த அல்புமின், தட்டில் சோறு குறைந்ததால் மட்டும் குறைந்ததில்லை. கல்லீரலின் வேலைத் திட்டமே மாறியிருக்கிறது, ரத்தநாளங்களிலிருந்து அது கசிந்தும் போகிறது. ஆகவே முட்டை கொடுத்தும் எண் ஏறவில்லை என்றால், சமைத்த மருமகள்மீதோ சாப்பிட முடியாத நோயாளிமீதோ குற்றம் சொல்லாதீர்கள்.

சரி, இந்த எண்கள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை? 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல வகைப் புற்றுநோய்களைப் பற்றிய 100 ஆய்வுகளை, 40,559 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. என்.எல்.ஆர். ஏறத்தாழ 4க்கு மேல் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைப்போல் 1.8 மடங்கு இருந்தது. கட்டியின் வகை மாறினாலும் போக்கு மாறவில்லை. ஆகவே தொடர்பு உண்மை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் 1.8 மடங்கு என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய பேச்சு. அந்தக் கூட்டத்தில் உங்கள் அப்பா எங்கே நிற்கிறார் என்பதை அது சொல்லாது. இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னவர் ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர். 1982இல் அவருக்கு வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நூலகத்தில் தேடினால், இடைநிலை ஆயுள் 8 மாதம் என்று இருந்தது. பாதிப் பேர் 8 மாதத்துக்குள் இறக்கிறார்கள் என்றால், மறு பாதி? அவர்களுடைய ஆயுள் 9, 10 மாதங்களில் முடிந்துவிட வேண்டிய கட்டாயம் இல்லை, வலப்பக்கம் நீண்டுகொண்டே போகலாம் என்று அவர் கணக்குப் போட்டார். தன் வயது, நோயின் நிலை, கிடைக்கும் சிகிச்சை இவற்றையெல்லாம் பார்த்தால் தான் அந்த நீண்ட வாலில் இருக்க வாய்ப்புண்டு என்று முடிவுக்கு வந்து, 1985இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்வதற்காக அவரை இங்கே அழைக்கவில்லை. சராசரியைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை எப்படிப் படித்தார் என்று காட்டத்தான்.

இன்னொரு குழப்பம் இதைவிட ஆழமானது. நோயாளியின் வீட்டார் டாக்டரிடம் கேட்பது இரண்டு கேள்விகள். "இவருக்கு நோய் எப்படிப் போகும்?" என்பது ஒன்று. "இந்த மருந்து இவருக்குக் கேட்குமா?" என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் வேறு வேறு. இந்த வேறுபாட்டில் வல்லுநர்களே தடுக்கியிருக்கிறார்கள்.

இம்யூனோதெரபி என்ற நோயெதிர்ப்பு சிகிச்சை வந்த பிறகு, லட்சங்களில் விலை உள்ள அந்த மருந்து யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள எல்லோரும் தவித்தார்கள். 2018இல் பாரிஸ் அருகே உள்ள குஸ்தாவ் ரூஸி புற்றுநோய் மையத்தின் லாரா மெஸ்கிட்டா தலைமையில் ஒரு குழு, 'லிப்பி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு குறியீட்டை வெளியிட்டது. என்.எல்.ஆரின் சற்று மாறிய வடிவம் 3ஐத் தாண்டியிருக்கிறதா, எல்.டி.எச். என்ற நொதி இயல்பு வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்ற இரண்டே விஷயம். இம்யூனோதெரபி பெற்ற 466 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினரில், இரண்டும் இயல்பாக இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 34 மாதம். ஒன்று கெட்டிருந்தால் 10 மாதம். இரண்டும் கெட்டிருந்தால் 3 மாதம். கீமோதெரபி மட்டும் பெற்ற ஒரு சிறு கூட்டத்தில் இந்த வேறுபாடு தென்படவில்லை. அப்படியானால் இம்யூனோதெரபி கேட்குமா என்று சொல்லும் கருவி கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள்.

மறு ஆண்டே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மருத்துவர்கள், 11 மருந்துச் சோதனைகளில் பங்கெடுத்த ஏறத்தாழ 4,000 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். குறியீடு கெட்டிருந்தவர்கள் எந்தச் சிகிச்சை பெற்றாலும் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். இம்யூனோதெரபி, கீமோதெரபி, குறிவைத்துத் தாக்கும் மாத்திரை, எதுவானாலும் அப்படித்தான். அதாவது முதல் கேள்விக்கு அந்த எண் பதில் சொன்னது. இரண்டாம் கேள்விக்கு அது பதிலே சொல்லவில்லை. நோய் கடுமையாக இருக்கிறது என்பதையே அது வேறு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது. என் கருத்தில், இந்தத் துறையில் ஒரு சாதாரண வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். என்.எல்.ஆர். கூடியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு மருந்தை மறுப்பதோ, வீட்டாரே வேண்டாம் என்று முடிவெடுப்பதோ நியாயமாகாது. எந்த மருந்து கேட்கும் என்று அறிய, கட்டியின் திசுவில் செய்யும் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., பி.டி.எல்.1 போன்ற சோதனைகள் இருக்கின்றன. காசைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

எண்ணைக் குறைத்தால் நோய் குறையுமா என்று அடுத்து மனம் கேட்கும். மஞ்சள், இஞ்சி, அழற்சியை அடக்கும் உணவு என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே. இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய சோதனையே பதில் தந்திருக்கிறது. அதன் கதை விசித்திரமானது, கொஞ்சம் வருத்தமானதும்கூட.

பாஸ்டன் நகர இதய மருத்துவர் பால் ரிட்கர், மாரடைப்பு வந்து பிழைத்து, சி.ஆர்.பி.யும் சற்று கூடியிருந்த 10,061 பேரைச் சேர்த்தார். அழற்சியின் ஒரு கண்ணியான இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் என்ற ஊசி மருந்தைக் கொடுத்தால் மறுபடி மாரடைப்பு வருவது குறையுமா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. 2017இல் முடிவு வந்தபோது எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தது இதயம் மட்டுமல்ல. மருந்தை அதிக அளவில் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. பின்னால் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களின் சி.ஆர்.பி., சோதனையின் தொடக்கத்திலேயே மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. இடைநிலை அளவு ஒரு பக்கம் 6.0, மறு பக்கம் 4.2.

எவ்வளவு நம்பிக்கை பிறந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸ், நுரையீரல் புற்றுநோயாளிகளிடமே அதே மருந்தைக் கொடுத்துப் பார்க்க மூன்று பெரிய சோதனைகளைத் தொடங்கியது. முற்றிய நோய்க்கு முதல் சிகிச்சையோடு சேர்த்து ஒன்று. முதல் சிகிச்சை பலிக்காதவர்களுக்கு ஒன்று. அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு நோய் திரும்பாமல் இருக்க ஒன்று. 2021இலும் 2022இலும் முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றும் இலக்கை எட்டவில்லை. முளைக்கும் கட்டிக்கு அழற்சி தேவைப்பட்டிருக்கலாம், வளர்ந்துவிட்ட கட்டி அதன் தயவில் இல்லாமல் இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம். இதய நோயாளிகளிடம் கண்டது தற்செயலாகவும் இருந்திருக்கலாம். எப்படியோ, அழற்சியின் கண்ணியைக் குறிபார்த்து அறுக்கும் மருந்தாலேயே முடியாததை, பாலில் கலந்த மஞ்சள் செய்துவிடும் என்று சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். மஞ்சள் பால் குடிக்கலாம், சுகமாகத்தான் இருக்கும். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

எண் கூடுவதற்குக் கட்டியைத் தவிர வேறு காரணங்களும் ஏராளம். சளிக்காய்ச்சல், நிமோனியா, பல் வேரில் சீழ், நாள்பட்ட மூச்சிரைப்பு, விடாத புகைப்பழக்கம், இவையெல்லாம் சி.ஆர்.பி.யையும் நியூட்ரோஃபிலையும் ஏற்றிவிடும். நோய் மூளைக்குப் பரவியதால் வரும் வீக்கத்துக்கோ வாந்தியை நிறுத்தவோ கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு, நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கும். அந்த வாரத்து என்.எல்.ஆரைப் பார்த்து அழுவதில் பொருளே இல்லை. கீமோவுக்குப் பிறகு கவுன்ட் ஏற்றப் போடும் ஊசியும் அப்படியே. நம் நாட்டில் காசநோய் வேறு. நுரையீரல் புற்றுநோயைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் இங்கே உண்டு. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. எந்த எண்ணுக்கு மேல் 'அதிகம்' என்பதிலும் ஒருமித்த முடிவு இல்லை. ஓர் ஆய்வு 2.5 என்கிறது, இன்னொன்று 5 என்கிறது. ஒரு நாள் எண்ணைவிட, காய்ச்சலோ ஸ்டீராய்டோ இல்லாத நாள்களில் எடுத்த இரண்டு மூன்று எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதுதான் டாக்டருக்கு உதவும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப்போடாமல் தேதிவாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள்.

நோய் ஏதும் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சி.ஆர்.பி. சற்றுக் கூடியிருந்தால் நுரையீரல் புற்றுநோய் என்று பயந்துவிட வேண்டாம். இயல்பாக இருந்தால் நோய் இல்லை என்று நிம்மதியாகப் புகைக்கவும் வேண்டாம். நெடுநாள் புகைத்தவர்களிடம் நோயை முன்கூட்டியே பிடித்து உயிரைக் காப்பாற்றுவது குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன். அமெரிக்காவில் 53,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட சோதனையில், நுரையீரல் புற்றுநோய் இறப்பை அது 20 சதவீதம் குறைத்தது.

அப்படியானால் அந்தக் கெட்ட எண்ணால் எந்தப் பயனும் இல்லையா? இருக்கிறது. மதிப்பெண் மோசமாக உள்ளவர்கள் பெரும்பாலும் எடை வேகமாக இழப்பவர்கள், பசி செத்தவர்கள், சோர்ந்து படுப்பவர்கள். அவர்களுக்குத் தணிப்புச் சிகிச்சை சீக்கிரம் தேவை என்று அந்த எண் நினைவூட்டுகிறது. மூச்சுத்திணறலையும் வலியையும் தணிப்பது, சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பது, மனம் விட்டுப் பேச ஆள் வைப்பது, இவையெல்லாம் கடைசி வாரத்தில் செய்ய வேண்டியவை என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. பாஸ்டனில் ஜெனிஃபர் டெமெல் குழுவினர், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பாதியினருக்கு, நோய் தெரிந்த உடனேயே வழக்கமான சிகிச்சையோடு இந்தத் தணிப்புச் சிகிச்சையையும் தொடங்கினார்கள். 2010இல் வந்த முடிவின்படி அவர்கள் குறைந்த மனச்சோர்வோடு இருந்தார்கள். ஆயுளும் கூடியது. இடைநிலை 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் சேவைகளில் தணிப்புச் சிகிச்சையும் ஒன்று. பகுதி சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் பெயரைப் பதிந்துகொள்வார்கள்.

டாக்டரிடம் போகும்போது "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்பதற்கு முன், வேறு மூன்றைக் கேட்டுப் பாருங்கள். இந்த எண் கூடியதற்குக் கிருமித்தொற்றோ மருந்தோ காரணமாக இருக்குமா? திசுச் சோதனைகள் எல்லாம் வந்துவிட்டனவா? தணிப்புச் சிகிச்சையை இப்போதே தொடங்கலாமா? கூட, நோயாளியையும் உள்ளே அழைத்துப் போங்கள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று வாசலில் நின்று கண்ணைக் காட்டுவது நம் பாசத்தின் வழக்கம், புரிகிறது. ஆனால் தன் பெயர் போட்ட தாளில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை அவருக்குத்தான் முதலில்.

இந்த இதழின் மருத்துவப் பகுதியில் சி.டி. ஸ்கேன் யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று விரிவாக எழுதியிருக்கிறோம். நோயாளியிடம் உண்மையை எப்படிச் சொன்னீர்கள், அல்லது உங்களிடம் எப்படிச் சொன்னார்கள் என்ற அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். பெயரைக் குறிப்பிடாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்